கைலிக் கட்டத்தின் கணக்கும் வரலாறும்

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நம் காலனியின் மாடிக் கொடிகளை நோக்குவோர், சேலைகளுக்கும் பள்ளிச் சீருடைகளுக்கும் நடுவே வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கட்டம் போட்ட கைலிகள் காய்வதைக் காண்பர். அலுவலகத்திற்குக் காற்சட்டை, கோயிலுக்கு வேட்டி, வீட்டிற்குக் கைலி என்பது நம்மவர் வகுத்துக்கொண்ட முறை. விருந்தினர் வந்து கதவைத் தட்டினால், கைலியோடு எதிர்கொள்ளக் கூசி, "இதோ வந்துவிட்டேன்" என்று உள்ளே ஓடுகிறோம். அத்துணை எளிய துணி அது. ஆயினும் அதற்கு 500 ஆண்டுகளுக்குக் குறையாத கடல் வாணிக வரலாறு உண்டு. அவ்வரலாற்றினும் வியப்பான ஒரு கணக்கும் அதனுள் மறைந்து கிடக்கிறது.

சங்க மலர்களில் கோயில்களைப் பற்றியும் மன்னர்களைப் பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். அவர்கள் பணியில் நாம் தலையிடவில்லை. மெட்ரிகுலேஷன் அளவே பயின்ற நமக்கு கணிதம் என்பது கூட்டலும் பெருக்கலுமே. இரயில்வே அலுவலகத்தில் சரக்குச் சீட்டுகளைக் கூட்டிக் கூட்டிப் பழகிய அந்தக் கணக்கே இக்கட்டுரைக்குப் போதுமானது என்று கண்டதால் எழுதத் துணிந்தோம்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். நம் சொந்த ஊர்ப் பகுதியாகிய சத்தியவேட்டிலிருந்து நேர் கிழக்கே கோடு ஒன்று இழுத்தால், அது சென்னை–கூடூர் இருப்புப்பாதையைக் கடந்து, ஏரியைத் தொட்டு, பழவேற்காட்டில் சென்று முடியும். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. பறவை பறக்கும் வழியில் தொலைவு 40 கிலோமீட்டர் அளவுதான். இன்று இடையில் ஒரு மாநில எல்லை நிற்கிறது. 1960 ஏப்ரல் 1-க்கு முன் அவ்வெல்லை அங்கு இல்லை. படாஸ்கர் அவர்களின் பரிந்துரைப்படி 1959-இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தால், திருத்தணி சென்னை இராச்சியத்திற்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களைச் சேர்ந்த ஊர்கள் பல ஆந்திரத்திற்குச் சென்று சத்தியவேடு தாலுக்காவாயின. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. தாசில்தார் கச்சேரி மாறிற்று. பள்ளியில் பயிற்று மொழி மாறிற்று. ஆனால் தறியின் கணக்கு மாறவில்லை. நூலிழைகளை எண்ணும் அலகாகிய 'புஞ்சம்' என்ற சொல் தமிழ் நெசவாளரிடத்தும் தெலுங்கு நெசவாளரிடத்தும் ஒன்றாகவே வழங்கியது. செங்குந்தரும் தேவாங்கரும் சாலியரும் பத்மசாலியரும் அடுத்தடுத்த தெருக்களில் தறி போட்டு வாழ்ந்த வட்டாரம் இது. அவர்கள் பேசிய மொழி இரண்டாயினும் எண்ணிய எண் ஒன்றே.

பழவேற்காட்டின் பெயரை ஐரோப்பியர் 'புலிக்காட்' என்று திரித்தனர். நம் வாணிகர் ஏடுகளில் அது 'பளையகாட்' என்று நுழைந்து, 'பளையகாட் லுங்கி' என ஒரு துணி வகைக்கே பெயராயிற்று. இதனைக் கேரளத்துப் பாலக்காட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலாய் மொழியிலோ கட்டம் போட்ட சாரத்திற்கு இன்றளவும் 'காயின் பெலேக்காட்' என்றே பெயர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் காலனியில் சில உண்டு. அவர்கள் இதனைக் கேட்டிருப்பர். ஊரின் பெயர் துணியின் பெயராகி, அத்துணி உடுத்தும் கோடிக்கணக்கானோர் அப்படி ஓர் ஊர் இருப்பதையே அறியாமல் இருப்பது வாணிகத்தின் இயல்பு போலும்.

போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511-இல். அடுத்த சில ஆண்டுகளில் அங்குத் தங்கியிருந்த தோமே பிரேஸ் என்னும் மருந்தாளர், பழவேற்காட்டு வாணிகரும் அவர்தம் துணிகளும் அத்துறைமுகத்திற்கு வந்ததைப் பதிந்து வைத்துள்ளார். பின்னர் வந்த டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்களுக்கு வேண்டியது துணியன்று. கிராம்பும் சாதிக்காயும் மிளகுமே. ஆனால் கிராம்பு விளைந்த தீவினர் வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலக் கரைத் துணியையே விரும்பிக் கேட்டனர். ஆகவே இக்கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்றே டச்சு அதிகாரிகள் கருதினர். 1690-இல் அவர்கள் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இவ்விடைக்காலத்துச் சண்டைகளையும் உடன்படிக்கைகளையும் விரித்தால் கட்டுரை வேறு திசையில் போகும்.

ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் பெற்றதற்கும் துணியே பெரிய காரணம். நெசவாளரைக் கோட்டைக்கு அருகே குடியமர்த்த அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த காலெட் பெயரால் திருவொற்றியூரருகே எழுந்த நெசவாளர் குடியிருப்பே இன்றைய காலடிப்பேட்டை. 1734-இல் அமைந்த சின்னத்தறிப்பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை. இதன்பின் கட்டத் துணிக்குச் 'சென்னை' என்னும் புதுப்பெயர் வந்தது. 'மெட்ராஸ் கைக்குட்டை' என்றும், வெறுமனே 'மெட்ராஸ்' என்றும் அது உலகெங்கும் சென்றது.

இனிக் கணக்கிற்கு வருவோம்.

தறியில் நீளவாக்கில் கட்டப்படுவது பாவு. குறுக்கே நாடா கொண்டு செல்வது ஊடை. பாவில் 120 இழை சேர்ந்தது ஒரு புஞ்சம். கும்பினியார் காலத்தில் நீளத்துணியின் தரமே புஞ்சத்தால்தான் சொல்லப்பட்டது. 36 புஞ்சம் எனில் 4,320 இழை. அகலம் மாறாமல் புஞ்சம் கூடினால் துணி நெருக்கமாகிறது. இஃது எல்லாத் துணிக்கும் பொது. கட்டத் துணிக்கு இதன்மேல் இன்னொரு கணக்கு உண்டு. எந்த நிறம், எத்தனை இழை, எதன்பின் எது என்ற வரிசையே அது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சிவப்பு 12, கறுப்பு 6, வெள்ளை 4, கறுப்பு 6 என ஒரு வரிசை. மொத்தம் 28 இழை. இது மீண்டும் மீண்டும் வருகிறது. இவ்வரிசையைச் சிவப்பின் நடுவில் நின்று வலமாகப் படித்தாலும் இடமாகப் படித்தாலும் ஒன்றே. வெள்ளையின் நடுவில் நின்று படித்தாலும் அப்படியே. நம் புலவர் இதனை மாலைமாற்று என்பர். 'விகடகவி' என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். அச்சொல்லில் நடுவேயுள்ள 'ட' ஒருமுறைதான் வருகிறது. அதனை அச்சாகக் கொண்டே மற்றவை இருபுறமும் திரும்புகின்றன. கட்டத் துணியிலும் திருப்புமுனையில் நிற்கும் பட்டை இரட்டிப்பதில்லை. வெள்ளையை முடித்துத் திரும்பும்போது மறுபடி வெள்ளையிலிருந்தே தொடங்கினால் 4 என்பது 8 ஆகிவிடும், கட்டம் கெட்டுவிடும். பாவு போடும் வீட்டில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி இது. இந்த ஒத்திசைவைச் சமச்சீர் என்று பள்ளிப் புத்தகங்கள் கூறுகின்றன.

பாவில் வைத்த அதே வரிசையை ஊடையிலும் வைத்தால் சதுரக் கட்டம் கிடைக்கும். இங்கேதான் நிறக்கணக்கு வருகிறது. நெசவாளரிடம் இருப்பவை மூன்று நிறம். துணியில் கண்ணுக்குத் தெரிபவை ஆறு நிறம். சிவப்பும் சிவப்பும், கறுப்பும் கறுப்பும், வெள்ளையும் வெள்ளையும் சந்திக்கும் இடங்களில் தனி நிறங்கள் மூன்று. சிவப்பும் கறுப்பும், சிவப்பும் வெள்ளையும், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடங்களில் கலப்பு நிறங்கள் மூன்று. நான்கு நிற நூல் வைத்தால் பத்து, ஐந்து வைத்தால் பதினைந்து. சாயத்தொட்டியில் இரண்டு தொட்டிதான் கூடின; துணியில் ஒன்பது நிறம் கூடிவிட்டது. ஏழை நெசவாளன் குறைந்த முதலில் நிறைந்த வண்ணம் காட்டிய உபாயம் இது.

மேலும் எண்ணுவோம். ஒரு கட்டத்தில் 28 பாவிழையும் 28 ஊடையிழையும் சந்திக்கும் முடிச்சுகள் 784. அவற்றுள் தனிச் சிவப்பு 144, தனிக் கறுப்பு 144, தனி வெள்ளை 16. சிவப்பும் கறுப்பும் கலந்தவை 288, சிவப்பும் வெள்ளையும் 96, கறுப்பும் வெள்ளையும் 96. கூட்டிப் பாருங்கள், 784 நேராகும். சரக்கு அலுவலகப் பேரேடுகூட இவ்வளவு எளிதில் நேராவதில்லை. வெள்ளை 16 முடிச்சுதான். ஆனால் தொலைவிலிருந்து பார்ப்போர் கண்ணில் முதலில் படுவது அவ்வெள்ளைப் புள்ளியே. அதனை எத்துணைச் சிறிதாக வைத்தால் எத்துணை நன்றாகத் தெரியும் என்பதைக் கண்டவன் யாரோ, அவன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

கைக்குட்டை என்று பெயர் பெற்ற துணியை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் சுவையாகிறது. அது நாற்புறமும் ஒரே அளவுள்ள சதுரம். நான்கு ஓரத்திலும் கரை. சுவரில் சித்திரக்கரை எழுதும் ஓவியனைக் கேட்டால் மூலையே தன் தலைவலி என்பான். நேராக ஓடிவந்த கொடி மூலையில் எப்படித் திரும்புவது? தறியில் அத்தொல்லையே இல்லை. பாவின் கரைப்பட்டையும் ஊடையின் கரைப்பட்டையும் தாமாகவே சந்தித்து மூலையில் ஒரு சிறு கட்டத்தைச் செய்துவிடுகின்றன. இவ்வாறு முடிந்த சதுரத்தை நான்கு முனைகளில் எதை மேலே பிடித்தாலும் ஒன்றே. புரட்டிப் போட்டு மறுபடி நான்கு முனைகளைப் பிடித்தாலும் ஒன்றே. ஆக எட்டு வகையில் விரித்தாலும் தோற்றம் மாறாது. இதற்கு உட்புறம் வெளிப்புறம் இல்லை. அச்சிட்ட துணிக்கு இப்பெருமை கிடையாது. கைலியைப் புரட்டிக் கட்டிவிட்டோமே என்று எவரும் வெட்கப்பட்டதில்லை அன்றோ?

கைலிக்கு மட்டும் உரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. இரண்டு மீட்டர் நீளத் துணியின் இரு முனைகளையும் சேர்த்துக் குழாயாகத் தைக்கிறோம். தையலில் கட்டம் கூட வேண்டுமானால் நீளத்தில் முழுக் கட்டங்களே இருக்க வேண்டும். அரையும் காலும் எஞ்சக் கூடாது. நல்ல நெசவாளன் அறுக்கும் இடத்தை முன்கூட்டியே எண்ணி வைப்பான். மலாய்ச் சாரங்களிலோ உடலின் கட்டத்திலிருந்து வேறுபட்ட பட்டை ஒன்றை இடையே வைப்பர். அதன் பெயர் 'கெப்பாலா', தலை என்று பொருள். நம் வீட்டுப் பெண்டிர் சேலையின் முந்தானையைத் தலைப்பு என்று சொல்வதை இதனோடு ஒப்பு நோக்குக. கடல் கடந்தும் ஒரே உவமை.

இத்துணைச் சமச்சீரும் பாதிதான் பாவிலே இருக்கிறது. மற்றப் பாதி எங்கே என்றால், நெசவாளன் கையில். பாவின் வரிசையை ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் அது கடைசி முழம் வரை மாறாது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டுக் காயவைக்கும் போதே அப்பாதி முடிந்துவிட்டது; அதில் வீட்டுப் பெண்களின் உழைப்பு பெரிது. ஊடை அப்படியன்று. ஒவ்வோர் இழையையும் அச்சால் அடித்து இறுக்க வேண்டும். அங்குலத்திற்குப் பாவில் 56 இழை இருந்தால், 28 இழைக் கட்டத்தின் அகலம் அரை அங்குலம். ஊடையிலும் 56 விழுந்தால் உயரமும் அரை அங்குலம், கட்டம் சதுரம். அடி தளர்ந்து 50 விழுந்தால் உயரம் 0.56 அங்குலமாகும். அப்போது எட்டு வகையில் ஒத்திருந்த துணி நான்கு வகையில்தான் ஒத்திருக்கும். காலையில் அடித்த வேகத்தோடு மாலையிலும் அடிக்க வேண்டும். பசியோடு அடித்தாலும் உண்டபின் அடித்தாலும் ஒன்றாக அடிக்க வேண்டும். கட்டம் சதுரமாயிருக்கிறது என்றால், அன்று முழுதும் அக்கை தளரவில்லை என்று பொருள். இதனோடு நிறம் மாறுந்தோறும் நாடாவையும் மாற்ற வேண்டும். எத்தனையாவது இழை என்ற எண்ணும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இச்சமச்சீருக்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணம் என்று நாம் கருதவில்லை. மாலைமாற்றாக அமைந்த வரிசையில் பாதியை நினைவில் வைத்தால் போதும்; மறுபாதி தானே வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அது பேருதவி. வாங்குவோனுக்கும் அதில் நன்மை உண்டு. ஆயிரம் காதத்திற்கு அப்பால் துணியை அவிழ்ப்பவன், எது மேல், எது கீழ், எது முன், எது பின் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இனி, கற்றறிந்த கணித அறிஞர்கள் இத்துறையில் செய்தவற்றையும் சிறிது சொல்ல வேண்டும். தளத்தின்மேல் திரும்பத் திரும்ப வரும் கோலங்கள் அனைத்தும் 17 வகைக்குள் அடங்கும் என்று ருசிய நாட்டு ஃபெதரோவ் 1891-இல் நிறுவினார். ஹங்கேரியப் பேராசிரியர் போல்யா 1924-இல் தனியே அதனை நிறுவிப் பரவச் செய்தார். இரண்டு நிறங்கள் இடம் மாறி வருவதையும் சேர்த்தால் மேலும் 46 வகை உண்டு என்று 1935–36-இல் எண்ணிக் காட்டியவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து நெசவுத் துறையைச் சேர்ந்த வுட்ஸ் என்பவர். படிகங்களை ஆராய்ந்த பெரியோர்க்கு முன்பே துணியை ஆராய்ந்தவர் ஒருவர் அதனைக் கண்டார் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நம் நாட்டிலும், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோன்மணியும் அவருடைய குழுவினரும் 1970-களில் புள்ளிக்கோலங்களைக் கணினி மொழியின் இலக்கணத்தால் வகைப்படுத்தினர். மார்கழியில் நம் காலனி நடைகளில் இடப்படும் கோலங்களே அவர்கள் ஆராய்ச்சிக்குப் பொருள்.

இதனைக் கொண்டு, அறிஞர் கண்ட அனைத்தையும் நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவோர் உளர். நாம் அவ்வாறு கூறோம். 17-க்குமேல் வகை இல்லை என்று நிறுவுவது வேறு. ஒரு வகையைப் பிழையின்றி நாளெல்லாம் செய்வது வேறு. கட்டத் துணிக்கு அப்பதினேழில் சிலவே பொருந்தும். மற்றவற்றைப் பற்றி நெசவாளன் கவலை கொள்ளவில்லை. தனக்கு வேண்டிய கணக்கை அவன் தீர்த்துக்கொண்டான். இரண்டிற்கும் உரிய மதிப்பை இரண்டிற்கும் கொடுப்பதே முறை.

அவன் செய்த துணி போய்ச் சேர்ந்த நாடுகளுள் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்று முகத்துவாரத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். அங்கு வாழும் கலபாரி இன மக்கள் சென்னைக் கட்டத் துணியை 'இஞ்சிரி' என்பர். அண்டையிலுள்ள இக்போ மக்கள் அதனை 'ஜார்ஜ்' என்பர். சென்னைக் கோட்டையின் பெயரே அவ்வாறாயிற்று என்று கூறுவாரும் உளர். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய சடங்குகளில் இத்துணிக்கு அங்கு இடம் உண்டு. குடும்பப் பெட்டிகளில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பர். நாம் பட்டுச் சேலையைக் காப்பது போல, அவர்கள் நம் கைலித் துணியைக் காக்கின்றனர்.

அதனினும் வியப்பு, கலபாரிப் பெண்கள் அத்துணியில் செய்யும் வேலை. நெய்து முடிந்த கட்டத் துணியில் குறித்த சில இழைகளை மட்டும் கூரிய கத்தியால் அறுத்து உருவி எடுத்துவிடுகின்றனர். பெரும்பாலும் வெளிர்நிற இழைகளே அறுபடும். எஞ்சிய துணி வலை போல் ஒளி புக நிற்க, பழைய கட்டத்தினுள்ளிருந்து புதிய கோலம் ஒன்று தோன்றுகிறது. இவ்வாறு செய்த துணிக்கு 'பெலேத்தே பித்தே' என்று பெயர். அறுத்த துணி என்று பொருள். நெசவாளன் கூட்டல் கணக்கால் செய்ததை அப்பெண்கள் கழித்தல் கணக்கால் மாற்றுகின்றனர். அவர்களும் எண்ணித்தான் அறுக்க வேண்டும். ஓர் இழை தவறினால் கோலம் கோணும். கடலின் இரு கரையிலும், ஒருவரையொருவர் பாராத இரு கூட்டத்தார், ஒரே துணியில் ஒரே எண்ணை எண்ணியிருக்கின்றனர். இச்செய்தியைப் படித்த அன்று நமக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

மேற்கிந்தியத் தீவுகளாகிய மார்த்தினீக்கிலும் குவாதலூப்பிலும் பெண்கள் இத்துணியைத் தலையில் கட்டிக்கொள்வதும், அதனை 'மெட்ராஸ்' என்றே அழைப்பதும் பலர் அறிந்ததே. அமெரிக்காவில் 1950-களின் இறுதியில் இது சட்டைத் துணியாகப் புகுந்தபோது, துவைத்தவுடன் சாயம் கரைந்து ஒரு நிறம் மற்றொன்றில் ஓடிற்று. முறையீடுகள் எழுந்தன. வாணிகர் அசரவில்லை, சாயம் ஓடும் என்பதையே சிறப்பாக விளம்பரம் செய்து விற்றனர். வாணிகர் திறமையை மெச்சலாம். எண்ணி எண்ணி வைத்த ஆறு நிறமும் ஒன்றிலொன்று கரைந்ததை நெசவாளன் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ!

மேலைநாட்டார் ஆலைகளில் இக்கட்டங்களைப் போலி செய்ய முயன்ற கதை பழையது. 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார், இந்தியத் துணிகளின் 700 மாதிரித் துண்டுகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக்கினார். அவ்வாறு 20 படிகள் செய்தனர். 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. நம் நாட்டார் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்பதை ஆங்கில ஆலை முதலாளிகள் கண்டு, அதனையே ஆலையில் நெய்து இங்குக் கொணர்ந்து விற்பதற்கான ஏற்பாடு அது. நம் துணி மாதிரிகளை முதன்முதல் அத்துணை விரிவாகத் தொகுத்தவர், நம் பிழைப்பைக் கவர்வதற்கே தொகுத்தார் என்பது கசப்பான செய்தி. ஆயினும் அத்தொகுதிகள் இருப்பதால் அன்றைய கட்டங்கள் சிலவற்றின் வரிசையை இன்றும் எண்ண முடிகிறது. போலிகள் மலிந்தமையால்தான் 'ரியல் மெட்ராஸ்' என்று உண்மையைக் குறிக்கும் அடைமொழி சேர்ந்தது என்பர்.

இருபதாம் நூற்றாண்டில் சீராலாவிலும் சைதாப்பேட்டையிலும் இத்துணி ஆப்பிரிக்க ஏற்றுமதிக்காக மிகுதியாக நெய்யப்பட்டது. 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரும், அதன்பின் அந்நாட்டு அரசு அயல்நாட்டுத் துணிகளின் இறக்குமதிக்கு விதித்த தடைகளும் அத்தொழிலைச் சாய்த்தன. உள்நாட்டிலோ விசைத்தறி வந்தது. அதில் அடியின் வேகம் மாறுவதில்லை. கட்டம் தானாகவே ஒழுங்காக விழும். கைத்தறியாளரைக் காக்க 1985-இல் சட்டம் ஒன்று இயற்றி, 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கினர். பின்னர் அது 11 வகையாகச் சுருங்கிற்று. லுங்கி அப்பதினொன்றுள் ஒன்று. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கொடியில் காயும் நம் கைலிகளுள் எத்தனை கைத்தறி, எத்தனை விசைத்தறி என்பதை அவரவரே ஆராய்ந்து கொள்ளலாம். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைலி நெசவு ஊரின் பெயரோடு ஒட்டி நிற்கிறது. அவ்வூர்களிலிருந்து வந்த அன்பர்கள் நம் சங்கத்தில் உளர்.

அவ்வன்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றுண்டு. பட்டு நெசவின் பூ வேலைகளுக்குப் படம் உண்டு, அட்டை உண்டு. கட்டத் துணிக்கு அப்படியொன்றும் வேண்டியதில்லை. ஒரு வரி எண்களே போதும் என்பதால் எவரும் எழுதி வைக்கவில்லை. பாவு போட்டவர் நினைவில் இருந்தது, அவரோடு போயிற்று. 1866-இல் ஆங்கிலேயர் தம் இலாபத்திற்காகச் செய்ததை, நாம் நம் பொருட்டுச் செய்துகொண்டால் என்ன? சங்க நூலகத்தில் இதற்கென ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைக்கச் செயற்குழு இசைந்துள்ளது. பாட்டனார் காலத்துக் கைலியோ, தாத்தாவின் தலைத்துண்டோ, கிழிந்துபோய்ப் பாத்திரம் துடைக்கும் துண்டமோ எதுவாயினும் ஆகுக. பூதக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள். ஓரத்திலிருந்து எண்ண வேண்டா. அங்கு வரிசை அரைகுறையாகத் தொடங்கியிருக்கலாம். இருபுறமும் ஒத்திருக்கும் பட்டை ஒன்றைக் கண்டு, அதிலிருந்து அடுத்த திருப்பம் வரை நிறமும் எண்ணும் எழுதுக. பின்னர்ப் பாவில் எண்ணியவாறே ஊடையிலும் ஒருமுறை எண்ணி, இரண்டும் ஒன்றா என்று குறிக்க வேண்டும். துணி எந்த ஊரில் வாங்கியது, யார் உடுத்தியது என்பன தெரிந்தால் அவற்றையும் சேர்க்கலாம். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரிடமும் கேளுங்கள். நாராயணவனம், வெங்கடகிரிப் பக்கத்தார் பலர் நம் காலனியில் இருக்கின்றனர். முதற்பக்கத்தில் நம் வீட்டுக் கைலி ஒன்றின் வரிசையை எழுதி வைத்துள்ளோம். நூலகம் ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 7 மணி வரை திறந்திருக்கும்.